அண்மை என்னும் திரை

மொழி வேற்றுமை எங்கே மிகுதியோ அங்கேதான் மனிதர் ஒருவரையொருவர் தவறாக அறிந்துகொள்வதும் மிகுதி என்று நாம் பொதுவாக எண்ணியிருக்கிறோம். இந்த எண்ணத்தில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. முற்றிலும் அந்நியமான இரு பாஷைகளைப் பேசுவோர் எதிர்ப்படும்போது, தமக்கிடையே சொல் செல்லாது என்பதை இருவரும் முதற் கணத்திலேயே உணர்ந்துவிடுகிறார்கள். அந்த உணர்வே அவர்களுக்குப் பொறுமையை அளிக்கிறது. சைகை காட்டுகிறார்கள், திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், மூன்றாம் மனிதர் ஒருவரைத் துணைக்கு அழைக்கிறார்கள். உடன்பிறந்த இரு பாஷைகள் ஒரே சந்தையிலும் ஒரே பேருந்திலும் கலந்து வழங்கும் பிரதேசத்திலோ, விளங்கிவிட்டது என்ற நம்பிக்கை முதற் சொல்லிலேயே பிறந்துவிடுவதால், எஞ்சியிருக்கும் வேற்றுமை அந்த நம்பிக்கையின் பின்னே ஒளிந்துகொள்கிறது. ஒளிந்த வேற்றுமை, பாஷையின் வேற்றுமையாகத் தோன்றாமல், எதிரில் நிற்பவரின் குணத்திலுள்ள குறையாகத் தோன்றத் தொடங்குகிறது. கேரளத்தின் கிழக்கு எல்லையில், பாலக்காட்டிலும் இடுக்கியிலும், தமிழரும் மலையாளிகளும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் வாழ்வில் இதைத் தெளிவாகக் காணலாம். அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு வாயில்கள்

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து வழிவிடும் இடம் பாலக்காட்டுக் கணவாய். காற்றும் மழையும் வணிகரும் படைகளும் அவ்வழியே வந்து போயின. பாலக்காடு 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அதன் கிழக்கிலுள்ள சித்தூரோ கொச்சி சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்தது. கொழிஞ்ஞாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய கீழ்ப்புறத்து ஊர்களில் இன்றும் கொங்குத் தமிழ் வீட்டு மொழியாக ஒலிக்கிறது. பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் அவ்வூராருக்கு அந்நிய ராஜ்யத்துப் பட்டணங்களாக என்றும் தோன்றியதில்லை. பாலக்காட்டு நகரில் கல்பாத்தி முதலான அக்கிரகாரங்களில், பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், மலையாளச் சொற்களும் மலையாள இழுப்பும் கலந்த தனித் தமிழ் ஒன்றைப் பேசி வருகின்றன.

இடுக்கியின் கதை வேறு. மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களிலும் வட்டவடையிலும் தமிழ் பேசும் உழவர் தோட்டங்கள் தோன்றுவதற்கு முன்பே வேரூன்றியிருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் இன்று நாம் காணும் பெருந்தொகையான தமிழர் அங்கே வந்து சேர்ந்தது தேயிலையினால். 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சார் அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற பிறகு, காட்டை அழித்துத் தோட்டம் அமைக்கவும் கொழுந்து எடுக்கவும் தமிழ் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் வழியாக ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். மொழிவழி மாநிலங்கள் அமைந்த காலத்தில், தேவிகுளமும் பீருமேடும் தமிழகத்தோடு சேர வேண்டுமென்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் முனைந்து போராடியும், 1956-ல் அவை கேரளத்தோடே நின்றன. 1972 ஜனவரி 26-ல் இடுக்கி தனி ஜில்லாவாயிற்று.

பாலக்காட்டில் இரு மொழியினரும் அண்டை நிலத்து உழவராகவும் வணிகராகவும், ஏறக்குறைய சமமான தளத்தில் சந்தித்தனர். இடுக்கியில் அவர்கள் சந்தித்தது மேலும் கீழுமாக: தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் தமிழ், அரசாங்க அலுவலகத்தின் மேஜையில் மலையாளம். ஒரே வாக்கியம் இவ்விரு இடங்களிலும் ஒரே பலனைத் தருவதில்லை. இதை மேலே செல்லும்போது காண்போம்.

பொதுவான சொல்லின் ஏமாற்றம்

தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் கணிசமானவை ஒலியில் ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் பிரிந்து போயிருக்கின்றன. ‘வெள்ளம்’ மலையாளிக்குக் குடிக்கும் நீர். தமிழனுக்கு ஊரை அழிக்கும் பெருக்கு. ‘அவசரம்’ மலையாளத்தில் வாய்ப்பு, தமிழில் பரபரப்பு. ‘யோகம்’ அங்கே கூட்டம், இங்கே அதிர்ஷ்டம். ‘சம்சாரம்’ அங்கே பேச்சு, இங்கே மனைவி. இவை பெரும்பாலும் சிறு திகைப்போடு முடிந்துவிடக் கூடியவை, ஏனெனில் வாக்கியத்தின் போக்கே பிழையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தீங்கு விளைவிப்பவை வேறு வகையைச் சேர்ந்தவை. இரு பொருள்களும் ஒரே வாக்கியத்தில் பொருந்தி நிற்கக் கூடுமானால், பிழை நிகழ்ந்ததே தெரியாமல் சம்பாஷணை தொடர்ந்து செல்லும். ‘விஷமம்’ என்பது மலையாளத்தில் மனவருத்தத்தைக் குறிக்கும்; தமிழில் அது குறும்பு, சில வேளைகளில் தீய எண்ணம். தன் மகனுக்கு ‘விஷமம்’ என்று ஒரு மலையாளத் தாய் கவலையோடு சொல்ல, கேட்கும் தமிழ் ஆசிரியை அப்பிள்ளையைக் கண்டிக்க வேண்டியவனாகக் குறித்துக்கொள்ளலாம்; ஆறுதல் வேண்டிய குழந்தைக்குத் தண்டனை கிடைக்கலாம். ‘பேடி’ மலையாளத்தில் வெறும் அச்சம். தமிழில் அது ஆண்மையை இகழும் வசைச்சொல். மலை ஏறும் வேளையில் ‘பேடி உண்டோ’ என்று அன்போடு கேட்பவர், தாம் கேட்டது எவ்வளவு கசப்பாக மறுபுறம் விழுந்தது என்பதை ஒருபோதும் அறியாமலே போகலாம்.

வைத்தியசாலையில் இந்த நுட்பம் உயிரோடு சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது. ‘வேதனை’ மலையாளத்தில் உடல்நோவையும் குறிக்கும் சாதாரணச் சொல். தமிழில் அது பெரும்பாலும் மனத்தின் துன்பம். ‘மயக்கம்’ தமிழில் தலைசுற்றித் தன்னினைவு தவறும் நிலை. மலையாளத்தில் அது அரைத்தூக்கத்தையும் சோர்வான உறக்கத்தையும் நினைவூட்டும். ‘மயக்கமாக இருக்கிறது’ என்று ஒரு தோட்டத் தொழிலாளி கூற, கேட்பவர் உறக்கக் கலக்கம் என்று எண்ணிக்கொண்டால், இருவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினார்கள், இருவரும் உண்மையே பேசினார்கள், ஆனாலும் நோயின் கதை பாதி வழியில் தொலைந்துவிட்டது. எல்லையின் கேரளப் புறத்தார் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கும், தேனிக்கும், கோயம்புத்தூருக்கும் சிகிச்சைக்காகச் செல்லும் வழக்கமுடையவர்கள் என்பதால், இந்த அபாயம் இரு திசைகளிலும் உண்டு.

வினைமுற்றில் ஒளிந்திருக்கும் மரியாதை

சொற்களைக் காட்டிலும் ஆழமான வேற்றுமை இலக்கணத்தில் இருக்கிறது. மலையாள இலக்கண ஆசிரியர் ஏ. ஆர். ராஜராஜ வர்மா (1863–1918) தமிழிலிருந்து மலையாளம் பிரிந்து சென்ற வழிகளை ஆறு நியமங்களாக வகுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு அவர் இட்ட பெயர் ‘புருஷபேத நிராசம்’. வினைச்சொல்லின் ஈற்றில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற பேதமும் ஆண், பெண், பலர் என்ற பேதமும் ஒழிந்துபோனதை அது குறிக்கும். தமிழில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று நான்காகப் பிரிந்து நிற்பது மலையாளத்தில் ‘வந்நு’ என்ற ஒன்றிலேயே அடங்கிவிடுகிறது. அரசன் வந்ததும் ஆட்டுக்குட்டி வந்ததும் அங்கே ஒரே வினையால் சொல்லப்படும்.

இந்த இலக்கணச் செய்தியின் சமூக விளைவைச் சிந்திக்க வேண்டும். தமிழராகிய நாம் மரியாதையை வினையின் ஈற்றில் வைத்திருக்கிறோம். கொங்கு நாட்டாரோ அதை ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும், ‘ஏனுங்க’, ‘ஆமாங்க’, ‘சொல்லுங்க’ என்று மணி கட்டியதுபோல் ஒலிக்க விடுகிறார்கள். மலையாளி தன் மரியாதையை வேறிடத்தில் வைத்திருக்கிறார்: ‘சேட்டன்’, ‘சேச்சி’, ‘சார்’ என்னும் விளிகளில், முன்னிலைப் பெயரையே தவிர்த்துப் பேசும் சாமர்த்தியத்தில், ‘இரி’ என்பதை ‘இரிக்கூ’ என்று மென்மையாக்கும் சிறு நீட்டலில். ‘இரிக்கூ’ என்று நாற்காலியைக் காட்டும் மலையாள உத்தியோகஸ்தர் தம் கடமையான உபசாரத்தைச் செய்துவிட்டார். கொழிஞ்ஞாம்பாறையிலிருந்து வந்த பெரியவரின் செவியோ வழக்கமான ‘ங்க’ ஒலியைத் தேடுகிறது, காணவில்லை. தன் வயதுக்கு உரிய மதிப்பு மறுக்கப்பட்டதாக அவர் உள்ளம் சுருங்குகிறது. மறுபுறம், தமிழ் கற்றுக்கொண்ட மலையாளி, தன் மொழியில் இல்லாத வினைமுற்றுகளில் ஏதோ ஒன்றைப் பற்றிக்கொண்டு, ‘டாக்டர் வந்தான்’ என்று சொல்லிவிடுகிறார். அவர் நெஞ்சில் அவமதிப்பின் நிழல்கூட இல்லை.

முன்னிலைச் சொல்லின் கதை இன்னும் நுட்பமானது. தமிழில் ‘நீங்கள்’ என்பது யாரிடத்தும் அஞ்சாமல் சொல்லத்தக்க மரியாதைச் சொல். அதற்கு நேரான மலையாளச் சொல் ‘நிங்ஙள்’. மலபார்ப் பக்கத்தில் அது பெருமளவு சகஜமாகவே வழங்கினாலும், திருவிதாங்கூர் வழக்கில் மேலானவரிடம் ‘நிங்ஙள்’ என்பது சற்றே எதிர்த்து நிற்பதுபோல் ஒலிக்கும். அங்கே ‘சார்’ என்ற பெயரையே முன்னிலையாக நிறுத்திப் பேச வேண்டும். தேவிகுளத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவர், தமக்குத் தெரிந்த மரியாதைகளுள் சிறந்ததைத் தேர்ந்து, ‘நீங்கள்’ என்பதை அப்படியே மலையாளமாக்கி அதிகாரியிடம் சொல்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் கொடுத்தது வணக்கம். பெறுபவர் கையில் அது துணிச்சலாக மாறிவிடுகிறது. இந்த மாற்றத்துக்கு இருவருள் எவரையும் குற்றவாளி என்று கூற இயலாது.

‘அண்ணாச்சி’ என்ற உறவுச் சொல்லுக்கும் இத்தகைய விதியே நேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையில் மதிப்பும் பாசமும் கலந்த அச்சொல், கேரளத்தில் பெயர் தெரியாத எந்தத் தமிழ் ஆடவரையும் குறிக்கும் பொதுச் சொல்லாகி, சில வாய்களில் இளக்காரத்தையும் ஏற்றுக்கொண்டுவிட்டது.

தொனியும் நிலையும்

இத்தகைய பிழைகளை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஜான் கம்பர்ஸ் என்னும் மொழியறிஞர். பிரிட்டனிலுள்ள ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் முரட்டுக் குணமுடையவர்கள் என்று புகார் எழுந்ததையும், காரணம் தேடிப் பார்த்தபோது அவர்கள் சொன்ன சொற்களில் குற்றமே இல்லாதிருந்ததையும் அவர் 1982-ல் வெளியிட்ட நூலில் விவரித்தார். உணவின் மீது குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்பதற்கு ஆங்கிலப் பெண்கள் ‘கிரேவி’ என்ற ஒற்றைச் சொல்லைக் குரல் உயர்த்தி முடிப்பார்கள். இப்பெண்கள் அதே சொல்லைக் குரல் தாழ்த்தி முடித்தார்கள். கேட்டவர் செவியில் வினா மறைந்து, ‘இது குழம்பு, வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்ற அலட்சியம் மட்டும் நின்றது. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி விளக்கிய பின்னரே இரு தரப்பினரும் நடந்ததை உணர்ந்தனர்.

நம் எல்லையிலும் இத்தகைய சிறு ஒலிகள் உண்டு. வாக்கியத்தின் ஈற்றில் மலையாளிகள் சேர்க்கும் ‘கேட்டோ’ என்பது பேச்சுக்கு இதம் சேர்க்கும் ஒரு தடவல். பழக்கமில்லாத தமிழ்ச் செவிக்கு அது ‘கேட்டாயா, இல்லையா?’ என்று அதட்டுவதாகப் படும். கல்பாத்தி அக்கிரகாரத்தாரின் ‘கேட்டேளா’ அதே இதத்தைத் தமிழாக்கி வைத்துக்கொண்டிருப்பது, அவர்கள் இரண்டு உள்ளங்களின் அளவையும் அறிந்தவர்கள் என்பதற்குச் சாட்சி.

கம்பர்ஸ் 1971-ல் ராபர்ட் வில்சனோடு சேர்ந்து வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி நமக்கு இன்னும் நெருக்கமானது. மகாராஷ்டிர, கர்நாடக எல்லையிலுள்ள குப்வாட் என்ற கிராமத்தில் மராத்தியும் கன்னடமும் உருதுவும் நெடுங்காலம் சேர்ந்து வழங்கியதால், அவற்றின் வாக்கிய அமைப்பு ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதையும், சொற்கள் மட்டும் தனித்தனியே நிற்பதையும் அவர்கள் கண்டனர். நம் எல்லையின் நிலை இதற்கு நேர் எதிரானது என்று எனக்குத் தோன்றுகிறது. குப்வாட்டில் இலக்கணம் ஒன்று, சொற்கள் வேறு; ஆகையால் எந்த வீட்டு வாசலைக் கடக்கிறோம் என்பது பேசுவோருக்கு ஒவ்வொரு சொல்லிலும் தெரிகிறது. இங்கே சொற்கள் பெரும்பாலும் ஒன்று, இலக்கணத்தின் மரியாதை வேறு. ஆகையால் வாசலைக் கடந்ததே தெரியாமல் உள்ளே நிற்கிறோம், பிறகு வீட்டார் முகம் ஏன் வாடிற்று என்று வியக்கிறோம்.

ஆயினும் வேற்றுமை எல்லா இடத்திலும் காயமாக முடிவதில்லை. பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குக் கேரள வியாபாரிகள் நெடுங்காலமாக வருகிறார்கள்; துண்டின் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசும் பழைய முறையில் பாஷைக்கே வேலை குறைவு. போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் ஏலக்காய் ஏலம் நடக்கும்போது, தரத்தையும் எடையையும் விலையையும் குறித்து எவரும் எளிதில் மயங்குவதில்லை. சந்தையில் இரு தரப்பாருக்கும் விலகிச் செல்லும் உரிமை உண்டு; அந்த உரிமை இருக்குமிடத்தில் சந்தேகம் தோன்றியவுடன் கேட்டுத் தெளிவார்கள். ரேஷன் அட்டைக்கும் பட்டாவுக்கும் கூலிக்கும் மருந்துக்கும் கைகட்டி நிற்பவருக்கு அவ்வுரிமை இல்லை. விளங்காததை விளங்கியதாகக் காட்டிக்கொண்டு திரும்பிவிடுவதே அவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. கலாசார வேற்றுமையைப் பற்றி எழுதுவோர் பலர் இந்த நிலை பேதத்தை மறந்துவிடுகிறார்கள். அதை மறந்த ஆராய்ச்சி பலவீனரின் மௌனத்தைச் சம்மதமென்று கணக்கிடும் பிழையில் விழும்.

தோட்டங்களின் சரித்திரமே இதற்குச் சான்று. துரையின் ஆங்கிலத்துக்கும் தொழிலாளியின் தமிழுக்கும் இடையில் முதலில் கங்காணி நின்றார்; பின்னர்த் தொழிற்சங்கத் தலைவர் நின்றார். இடையில் நிற்பவர் சொல்லைக் கொண்டுசெல்வதோடு, எதைச் சொல்லலாம் எதைச் சொல்லலாகாது என்பதையும் தீர்மானித்தார். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 20 சதவிகித போனஸ் கேட்டு எழுந்தபோது, சங்கத் தலைவர்களை விலக்கிவிட்டுத் தாங்களே சாலையில் அமர்ந்து, ஒன்பது நாள் தங்கள் தமிழிலேயே பேசினார்கள். கேரளம் முழுவதும் அவர்கள் குரலைத் தொலைக்காட்சியில் நேராகக் கேட்டது. அவர்களுடைய அமைப்பின் பெயர் ‘பெம்பிளை ஒருமை’. முதற் சொல் லயத்துத் தமிழின் வாடையுடையது. இரண்டாம் சொல், தமிழர் ‘ஒற்றுமை’ என்று சொல்லக்கூடிய இடத்தில், மலையாளி ஐக்கியத்துக்கு வழங்கும் சொல். இரு பாஷைகளும் ஒன்றன்மீதொன்று சந்தேகமின்றிக் கைகோத்து நின்ற பெயர் அது.

ஒரு பெயர், இரு விஷயங்கள்

சில சமயங்களில் சொல்லும் விளங்கி, இலக்கணமும் விளங்கி, பேசும் விஷயமே வேறாகிவிடுவதுண்டு. 1886-ல் திருவிதாங்கூரும் சென்னை அரசாங்கமும் 999 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி எழுந்து, 1895-ல் முடிவுற்ற முல்லைப் பெரியாற்று அணையைப் பற்றிய பேச்சு அத்தகையது. கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் அணை என்றால் நெல்லையும் வாழையையும் அவற்றுக்கான உரிமையையும் நினைக்கிறார். அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் வாழ்பவர் இரவில் பெய்யும் மழையின் ஓசையை நினைக்கிறார். முன்னவர் நீரைப் பற்றிப் பேசுகிறார். பின்னவர் அச்சத்தைப் பற்றிப் பேசுகிறார். இருவரும் தாம் ஒரே பொருளைப் பற்றி வாதிடுவதாக எண்ணுகிறார்கள். 2011-ன் இறுதியில் குமுளி எல்லையில் பதற்றம் மூண்டபோது, அதுகாறும் ஜீப்புகளில் ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் மலையேறி வந்த தமிழ்ப் பெண்களின் பிழைப்பே தடைப்பட்டது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடி என்று தீர்மானித்தது. நீதிமன்றம் நீரின் அளவைச் சொல்லலாம். ஒருவர் அச்சத்தை மற்றவர் செவிகொடுத்துக் கேட்பது அயலாரின் காரியம்.

இவ்விரு மொழியினருக்கும் அப்பால், பாலக்காட்டு ஜில்லாவின் அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் என்னும் பழங்குடியினர் இருக்கின்றனர். தமிழும் மலையாளமும் தமக்குள் யார் பெரியவர் என்று வாதிடும்போது, அவர்களுக்கு இரண்டுமே அலுவலகத்தின் பாஷைகள். ஊர் மூப்பன் கூறுவது இருள மொழியிலிருந்து மலையாளத்துக்கும், அதிலிருந்து அறிக்கையின் ஆங்கிலத்துக்கும் ஏறிச் செல்லும்போது ஒவ்வொரு படியிலும் சிறிது உதிர்கிறது.

செய்யத்தக்கது

சட்டத்தில் பாதுகாப்பு இல்லாமலில்லை. 1956-ல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த 350-அ பிரிவு, சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி அளிக்க முயல வேண்டுமென்று விதித்தது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் பாஷையிலேயே அரசாங்கத்துக்கு எழுதவும் அதிலேயே பதில் பெறவும் வழிசெய்தது. இவை காகிதத்தில் எழுதப்படும் பாஷையைக் காக்கின்றன. மேஜையின் இருபுறமும் பேசப்படும் பாஷைக்கு இன்னொரு வகையான ஏற்பாடு வேண்டும்.

அது பெருஞ்செலவு பிடிப்பதன்று. எல்லைப்புற வைத்தியசாலைகளில் நோயைக் குறிக்கும் சொற்களுள் இரு மொழியிலும் பொருள் வேறுபடுவனவற்றை, ஓர் அட்டையில் எழுதி மருத்துவர் கண்ணில் படும்படி மாட்டி வைக்கலாம். புதிதாக வரும் உத்தியோகஸ்தருக்கும் ஆசிரியருக்கும், அயல் மொழியின் அரிச்சுவடியோடு, அதில் மரியாதை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கற்பிக்கலாம். தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகள் மலையாளத்தைக் கற்கும்போது, ‘நீங்கள்’ என்பது ‘நிங்ஙள்’ ஆகாத இடங்களை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அட்டப்பாடியில் பழங்குடியினத்தைச் சேர்ந்த பிரமோட்டர்கள் நோயாளிகளோடு துணை செல்லும் ஏற்பாட்டைப்போல், தோட்டப் பகுதிகளிலும் இரு மொழி அறிந்தவரை, கங்காணியின் அதிகாரமின்றி, வெறும் துணைவராக நிறுத்தலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லை மக்களிடம் ஏற்கனவே இருக்கும் ஒரு பழக்கத்தை நாம் மதிக்கக் கற்க வேண்டும். வாளையாற்றிலும் போடிமெட்டிலும் பல்லாண்டு கடை நடத்தியவர், வந்தவர் தண்ணீர் கேட்டாரா, வெள்ளம் கேட்டாரா என்பதைக் கவனித்து, அதே சொல்லால் பதில் கூறுகிறார். ஐயம் வந்தால் கூச்சமின்றி மீண்டும் கேட்கிறார். மீண்டும் கேட்பது அறியாமையின் அடையாளம் என்று அவர் எண்ணுவதில்லை. வந்து நிற்பவரின் சொல் முழுமையாக விளங்கிய பின்னரே செம்பை நிரப்ப வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த உபசாரம். அந்த உபசாரம் கடையிலிருந்து அலுவலகத்துக்கும் வைத்தியசாலைக்கும் போய்ச் சேருமானால், வினையின் ஈற்றில் மரியாதை இருக்கிறதா, விளியில் இருக்கிறதா என்ற வேற்றுமை இரு மொழியினருக்கும் சுமையாகத் தோன்றாது.